அரசர் சுமந்த தீர்த்தக்குடம்

முதலில் ஒரு விடுகதை. தெருவோரம் நிற்கும், வழியை மறிக்காது. தலைச்சுமையை வாங்கிக்கொள்ளும், கூலி கேட்காது. அது என்ன?

சுமைதாங்கி! தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலையில் கட்டோ கூடையோ சுமந்து வருகிறவர், யார் துணையும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். திரும்பத் தாமே ஏற்றிக்கொள்ளலாம்.

ஏழுமடை நாட்டை முன்னொரு காலத்தில் ஆண்ட கனகமகுட ராஜாவுக்கு இந்த விடை தெரியாது. நல்லவர்தான். காலத்துக்கும் தன் பெயர் நிற்க வேண்டுமே என்ற ஒரே கவலைதான் அவருக்கு.

அந்தக் கவலைக்குத் தீனி போட்டு வளர்த்தவர் சிங்காரராயர், நகரத்தை அழகுபடுத்தும் அதிகாரி. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை நூல் பிடித்தாற்போல ஒரு ராஜபாட்டை போட்டார். அரண்மனையை மறைக்கின்றன என்று மரங்களை வெட்டினார். நடுவழியில் வானளாவ ஒரு கீர்த்தித் தூணை நிறுத்தி, அதில் ராஜாவின் பெயரைப் பொறித்தார். தூணின் அழகைக் கெடுக்கிறது என்று பக்கத்திலிருந்த சுமைதாங்கியைப் பிடுங்கிப் போட்டார்.

விறகு சுமக்கும் வெள்ளச்சி, சின்ன மகள் பூவாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு ஓடி வந்தாள்.

“மகாராசா, அது என் தங்கச்சிக்காக நட்ட கல்லு. வயித்துப் பிள்ளையோட செத்துப்போனா. அவதான் சுமையை இறக்காமலே போயிட்டா, மத்தவங்களாவது இறக்கி வைக்கட்டும்னு நட்டோம். அதை உடைச்சு ஜல்லியாக்கப் போறாங்களாம். காப்பாத்திக் குடுங்க.”

“ஊருக்கு வெளியே எங்கேயாவது ஒரு கல்லை நட்டுக்கொள்ளேன்” என்றார் சிங்காரராயர். “வெளிநாட்டுத் தூதர் வந்தால் தூணைப் பார்ப்பாரா, உன் விறகுக்கட்டைப் பார்ப்பாரா?”

“கனக்கிற எடத்துலதானே சாமி கல்லு வேணும்?”

ராஜாவுக்கு அலுப்பாக இருந்தது. “சுமை என்றால் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும், அம்மா” என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

மந்திரி ஆவுடையார் மட்டும் சிரிக்கவில்லை. “பிரபு, ராஜபாட்டையைத் திறந்துவைக்க வேண்டாமா? தாங்களே ஆற்றில் தீர்த்தக்குடம் எடுத்து அந்த வழியாக நடந்துவந்தால், தூண் இருக்கும்வரை ஜனங்கள் பேசுவார்கள். அதுவரை கல் கிடக்கட்டும். ஜல்லி உடைத்துப் புழுதி கிளப்புவானேன்?”

‘தூண் இருக்கும்வரை’ என்ற சொல் ராஜாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. உடனே சம்மதித்துவிட்டார்.

ஏழுமடையில் தீர்த்தக்குடத்துக்கு ஒரு முறை உண்டு. எடுத்தவரேதான் கோயில்வரை தலையில் சுமக்க வேண்டும். வேறு யார் கையும் குடத்தில் படக் கூடாது. மண்ணில் வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. ராஜாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, சித்திரை வெயிலில் நடப்பது வேறு. போதாக்குறைக்கு, சின்னக் குடம் தூரத்திலிருந்து பார்த்தால் எடுப்பாக இருக்காது என்று சிங்காரராயர் பெரிய பித்தளைக் குடமாக அனுப்பியிருந்தார்.

குடத்தைத் தலையில் ஏற்றி நடந்த ராஜா முதலில் இரு பக்கமும் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு புன்னகை போயிற்று. பிறகு கழுத்தும் போகும்போல இருந்தது.

“ஆவுடையாரே, நிழல் எங்கே?”

“வெட்டிவிட்டோம், பிரபு. இதோ, அரண்மனை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!”

“உச்சந்தலை பிளக்கிறதே!”

“சுமை என்றால் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும், பிரபு.”

தள்ளாடித் தள்ளாடித் தூணடிக்கு வந்து சேர்ந்தார். தூணின் உச்சி கண்ணுக்கே எட்டவில்லை. அடிப்பீடமோ கணுக்கால் உயரம். அதில் வைக்கக் குனிந்தால் தீர்த்தம் கொட்டிவிடும். தன் பெயரைத் தாங்கிய தூணில் தன் குடத்தை வைக்க இடமில்லை என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ராயரே, எதிலாவது இறக்கணும்!”

“சிங்காசனம் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“அது முழங்கால் உயரம் ஐயா! என் தோள் உயரத்துக்கு ஏதாவது!”

“தோள் உயரத்துக்கு ஒன்று இங்கேதான் இருந்தது” என்றார் மந்திரி. “அதன் பலகைக் கல் இதோ கிடக்கிறது. தாங்குகிற கல் இரண்டையும் நட நேரமில்லை. ராயரும் அவருடைய ஆட்களும் தோள் கொடுக்கட்டும். குடத்தில் அவர்கள் கை படாது, கல்லும் மண்ணல்ல. சரிதானே, அர்ச்சகரே?”

“முறைக்குக் குற்றமில்லை” என்றார் கூடவே நடந்துவந்த கோயில் அர்ச்சகர்.

சிங்காரராயரும் மூன்று ஆட்களும் முக்கி முனகிக் கல்லைத் தோளில் ஏற்றி நின்றார்கள். கூட்டத்தில் வெள்ளச்சியோடு நின்ற விறகுக்காரிகள் சும்மா இருப்பார்களா? “சாமி, ஆடாதீங்க! எங்க கல்லு ஆடாம நிக்கும்!”

ராஜா குடத்தைக் கல்லின்மேல் நகர்த்தி வைத்து, “அப்பாடா!” என்றார். பிறகு வெள்ளச்சியைப் பார்த்தார். “தினமும் இப்படித்தானா?”

“தினமும்தான் ராசா. எங்க சுமையில தீர்த்தம் இல்ல, அதான் யாரும் பாக்கல.”

ராஜா தூணை அண்ணாந்து பார்த்தார். பிறகு மளமளவென்று உத்தரவுகள் வந்தன. சுமைதாங்கி பழைய இடத்திலேயே நிற்கும். கீர்த்தித் தூணை இறக்கி அறுத்து, நகரின் ஒவ்வொரு வாசலிலும் சந்தையிலும் சுமைதாங்கி போட வேண்டும். பாட்டையெங்கும் மரக்கன்று நட வேண்டும். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது சிங்காரராயர். தண்ணீர்க் குடத்தை அவர் தலையில்தான் சுமக்க வேண்டும்.

“பிரபு, கல்லை இறக்கலாமா?” என்று கீழிருந்து ஈனக் குரல் வந்தது.

“நான் இளைப்பாறி முடிக்கட்டும். ஊருக்கு உபயோகமாக நீர் கட்டிய முதல் கட்டடம் இதுதான்.”

மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். இன்றைக்குத் தன் கழுத்து அதையும் தாங்காது என்றார்.

தூணை அறுத்து முடித்தபோது ஒரு துண்டு மிஞ்சியது. ராஜா பூவாத்தாளைக் கூப்பிட்டார். அவள் தலையில் ஒரு சுள்ளிக்கட்டு இருந்தது.

“இதில் உன் சித்தி பெயரையும் என் பெயரையும் பெரிதாக வெட்டி உங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தட்டுமா? இல்லை, உன் உயரத்துக்கு ஒரு சின்னச் சுமைதாங்கி போடட்டுமா?”

முதலாவதை ராஜா கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

பூவாத்தாள் சின்னச் சுமைதாங்கியைக் கேட்டாள்.