ஐந்தாவது ரப்பர்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு சகுபர். அவரைவிடப் பதினாறு வயது மூத்த சீடர் சூசை. ஐஸ் வியாபாரம் செய்யும் இன்னாசியம்மாள். அவருடைய பழைய பெட்ரோல் பிக்கப் வண்டியையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் நான்கு. சேர்க்கத்தான் வேண்டும்.

சூசை நெடுங்காலம் விசைப்படகு இன்ஜின் பார்த்தவர். கடலில் அவருக்கு ஒரே எதிரி உப்புக்காற்று. எங்கே இடுக்குத் தெரிந்தாலும் கிரீஸைத் திணித்து, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டிவிடுவார். கரைக்கு வந்து வண்டி வேலை பழகத் தொடங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

அன்று இரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகுகள் கிளம்புமுன் ஐஸ் போய்ச் சேர வேண்டும். புகைச் சோதனைச் சீட்டு இல்லாத வண்டியைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். இன்னாசியம்மாளின் வண்டியோ கரும்புகை கக்கியது. சோதனை செய்பவர் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்.

கோளாறு, புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரில். கட்டைவிரல் அளவுதான். எரிந்து வரும் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைச்சலா என்று இன்ஜினுக்குச் சொல்வது அதன் வேலை.

துருவேறிய பழையதைக் கழற்றி, காலையிலேயே புதியதை மாட்டிவிட்டார் சூசை. சென்சாரிலும் பக்கத்து வயர் இணைப்புகளிலுமாகக் காற்றுப் புகக்கூடிய இடங்களை எண்ணினார். ஐந்து. ஐந்து துண்டு டியூப் வெட்டினார். கிரீஸ் வைத்து ஐந்தையும் சுற்றினார். ஒன்றும் மிஞ்சவில்லை. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மதியத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். அதே கரும்புகை. வண்டியில் மாட்டிய பட்டறை மெஷினில் சென்சாரின் எண் அடியிலேயே செத்துக் கிடந்தது.

“புதுசும் போச்சா?” என்றார் இன்னாசியம்மாள். “சூசை, படகுன்னு நெனச்சு நங்கூரத்தப் போட்டுட்டியா?”

சூசைக்கு முகம் சுருங்கியது.

“மாட்டுனதுல தப்பில்ல ஆசான். எனக்குப் பிடிபடாதது ஒண்ணுதான். அடுப்புக்குள்ளயே கெடக்குற இரும்பு, எரியிறது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?”

சகுபர் சூசையின் கைகளைப் பார்த்தார். முழங்கைவரை கிரீஸ்.

“சூசையண்ணே, கையை மோந்து பாருங்க. என்ன வாடை?”

மோந்து பார்த்தார். “ஒரு வாடையும் இல்லியே.”

“பொய்யி,” என்றார் இன்னாசியம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. “நான் நிக்கிற எடம்வரைக்கும் குமட்டுது.”

“காலையிலேருந்து வண்டிக்கு அடியில கெடந்தா அப்படித்தான்,” என்றார் சகுபர். “கடல்பக்கம் போயி நாலு மூச்சு இழுத்துட்டு வாங்கண்ணே.”

“நேரம் போகுது தம்பி,” என்றார் இன்னாசியம்மாள்.

“போயிட்டு வரட்டும்.”

ரோட்டைத் தாண்டினால் கடல். சூசை நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். திரும்பி வந்து கையை முகத்தருகே கொண்டுபோனார்.

கிரீஸ், மண்ணெண்ணெய், டியூப் ரப்பர், எல்லாம் சேர்ந்து மூக்கில் அறைந்தது.

கையையே பார்த்தபடி நின்றார். பிறகு மெல்ல வண்டிப்பக்கம் திரும்பினார்.

“அப்ப அதுக்கும் ஒத்துப்பாக்க வெளிக்காத்து வேணும். எங்கேருந்து இழுக்கும் ஆசான்?”

“வால்ல. வயர் கெளம்புற எடத்துல, ஊசி போகாத இடுக்கு.”

அவர் முதன்முதலில் கிரீஸ் திணித்த இடம் அது.

சூசை வண்டிக்கு அடியில் நுழைந்தார். வாலில் சுற்றிய டியூபை அவிழ்த்தார். கிரீஸைத் துளித்துளியாகத் துணியில் ஒற்றியெடுத்தார். குழாய் சூடு ஆறவில்லை. இரண்டு விரல் பொரிந்தது. மற்ற நான்கு துண்டுகளையும் தொடவில்லை.

வண்டியைக் கிளப்பினார்கள். எண் அசையவில்லை.

“சூடேறட்டும்,” என்றார் சகுபர். “சூடில்லாம அது வாய் தெறக்காது.”

மூவரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. நெருப்புக்குள் கிடந்துகொண்டு, ஒரு சிட்டிகை வெளிக்காற்றை வைத்து ஒத்துப் பார்த்து, கூடுதல், குறைச்சல், கூடுதல், குறைச்சல் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சூசை தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டார். எத்தனையோ இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். ஓர் இன்ஜின் மூச்சு விடுவதை அன்றுதான் பார்த்தார்.

“உசுரு இருக்குற மாதிரில்ல இருக்கு,” என்றார் இன்னாசியம்மாள். அவர் குரல் தானாகவே தணிந்திருந்தது.

புகை வெளுத்து, இல்லாமலே போயிற்று. வண்டி கிளம்பியது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இன்னாசியம்மாளிடமிருந்து போன் வந்தது. சீட்டுக் கிடைத்துவிட்டது.

சூசை கீழே கிடந்த ரப்பரை எடுத்துத் துடைத்தார். படகு வேலையில் ஏதாவது மிஞ்சினால், எங்கோ தப்பு என்று அர்த்தம்.

“ஒண்ணு மிஞ்சிருச்சு ஆசான். அடுத்த வண்டிக்கு நாலு மட்டும் வெட்டட்டுமா?”

“அஞ்சே வெட்டுங்க. முடிச்சப்புறம் மிச்சத்த எண்ணுங்க.”

“எத்தனை இருக்கணும்?”

“ஒண்ணு.”