அரசன் கண்ணால் பார்த்த கல்விச்சாலைகள்

வெகு காலத்துக்கு முன்னே ஒரு நாட்டைச் சேந்தமாறன் என்ற அரசன் ஆண்டு வந்தான். அவனுக்கு ஒரே மகள், உமைநங்கை. அரண்மனை ஆசிரியர்களிடம் கற்க வேண்டியதையெல்லாம் அவள் கற்று முடித்துவிட்டாள். மேற்கொண்டு படிக்க அவளை வெளியே அனுப்ப அரசன் ஆசைப்பட்டான். அந்நாட்டில் பேர்பெற்ற கல்விச்சாலைகள் இரண்டு. ஒன்று செங்குன்றின் மேல் இருந்தது, மற்றொன்று ஆற்றங்கரையில். எது சிறந்தது என்று அவையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது.

விகடகவி சிற்றம்பலத்தின் மேல் அமைச்சர் திருவேகம்பருக்கு நெடுநாளைய பொறாமை. அவர் எழுந்து, பிறர் பார்த்துச் சொல்வதை நம்பி இளவரசியை அனுப்பலாகாது, அரசரின் கண்ணே பார்த்ததாக இருக்க வேண்டும், அதற்குச் சிற்றம்பலமே தகுந்தவர் என்று தேனொழுகப் பேசினார். திருவிழாக் காலமாதலால் அரசன் கோட்டையை விட்டு நகர முடியாது. ஆனாலும் அந்த யோசனை அவனுக்குப் பிடித்துவிட்டது.

"சிற்றம்பலம், இரண்டையும் என் கண்ணால் பார்த்து வந்து சொல். இயலாதென்றால் இந்த அவைக்குத் திரும்ப வேண்டாம்" என்றான்.

சிற்றம்பலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நந்தவனத்தைக் கடக்கும்போது, "கண்ணே, இங்கே வா" என்று அரசன் மகளைக் கூப்பிடுவது காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டான். பிறகு நேரே அரசியிடம் போய், இளவரசியைத் தன்னோடு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டான். அரசனுக்குச் சொல்ல வேண்டியதைத் தான் பார்த்துக்கொள்வதாக அரசி ஒப்புக்கொண்டாள். மறுநாளே இளவரசி எளிய நூல்சேலை உடுத்தி, அவனுடைய அக்காள் மகள் என்ற பெயரில் பயணம் புறப்பட்டாள்.

திருவிழா முடிந்ததும் இருவரும் அவையில் வந்து நின்றார்கள்.

"தாங்கள் நாள்தோறும் கண்ணே என்று அழைப்பது இவரைத்தானே, அரசே? அந்தக் கண்ணே பார்த்து வந்திருக்கிறது" என்றான் சிற்றம்பலம்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று திருவேகம்பர் சீறினார். அரசனோ மகளைப் பார்த்து, என்ன கண்டாய் என்று கேட்டான்.

அவள் இரண்டையுமே மனமாரப் புகழ்ந்தாள். ஆற்றங்கரையில் ஆறேழு பேருக்கு ஓர் ஆசிரியர். மருத மரத்தடியில் அவளுடைய ஒரே ஒரு சந்தேகத்துக்காக ஒரு முழு மாலைப்பொழுதையும் கொடுத்தாராம். செங்குன்றிலோ எங்கும் கூட்டம், எங்கும் வாதம். வானநூல் மண்டபத்தில் நிற்கவும் இடமில்லையாம். அமைதியான பெண்ணாயிற்றே, ஆற்றங்கரையைத்தான் கேட்பாள் என்று சிற்றம்பலம் நினைத்தான்.

"செங்குன்றுக்குப் போகிறேன், அப்பா. அங்கே ஒரு குயவர் மகள், நான் சொன்னது தவறு என்று எல்லார் முன்னாலும் நிரூபித்தாள். இந்த அரண்மனையில் ஒருவர்கூட எனக்கு அதைச் சொன்னதில்லை. அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இன்னொருத்திக்கு ஆற்றங்கரைதான் பொருந்தும். எனக்கு அந்தக் கூட்டம் வேண்டும்."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"எனக்கும் அதைச் சொல்ல ஆளில்லை. சிற்றம்பலம், இனி நான் தவறு செய்தால் இந்த அவையிலேயே சொல்லும் உரிமையை உனக்குத் தந்தேன். என் முத்துமாலையும் உனக்கே பரிசு."

சிற்றம்பலம் தரையைத் தொட்டு வணங்கினான். "அப்படியானால் முதல் தவறு, அரசே. பரிசு அறிவித்த பிறகும் முத்துமாலை தங்கள் கழுத்திலேயே கிடக்கிறது."

அவை முழுதும் சிரித்தது. அரசன் மாலையைக் கழற்றித் தன் கையாலேயே அவனுக்குப் போட்டான்.