ஒரே சிமிழில் உதட்டுச் சிவப்பு

ராஜா நினைத்ததே சட்டமாக இருந்த காலம் அது. ஒரு நாள், மகாராணி பால் குடித்து வைத்த வெள்ளிக் கிண்ணத்தில் உதட்டுச் சிவப்பு அப்பியிருந்ததை மன்னன் பார்த்துவிட்டான். முகம் சுளித்தான்.

"இனி ராணியின் உதட்டு நிறம் கிண்ணத்தில் ஒட்டலாகாது. பளபளப்பும் குறையலாகாது. பத்து நாளில் வேண்டும்!"

உத்தரவு சேந்தியின் தலையில் விழுந்தது. அந்தப்புரத்துக்கு இருபது வருஷமாக உதட்டுச் சாயம் காய்ச்சுபவள் அவள், புருஷனை இழந்தவள், அரண்மனை விகடகவி விடங்கனின் அக்காள். அவளுடைய வேலையின் மேல் தைலக்காரர் ஏகம்பருக்கு வெகுநாளாகக் கண்.

"மன்னா, இரண்டு மூன்று சிமிழ்களை நீட்டி ஏய்ப்பார்கள். ஒரே சிமிழ் என்று ஆணையிடுங்கள்" என்றார் ஏகம்பர்.

"ஆம், ஒரே சிமிழ்! இல்லையேல் அவள் அரண்மனையை விட்டுப் போகட்டும்."

விடங்கன் அக்காளிடம் ஓடினான். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தேன்மெழுகைக் கூட்டினா நிறம் நிக்கும், ஆனா மங்கிப்போகும். ஆமணக்கெண்ணெயைக் கூட்டினா மின்னும், ஆனா வழிஞ்சு கிண்ணத்துல ஏறும். அரக்குச் சாயம் தோல்லயே ஊறிடும், துடைச்சாலும் போகாது. ஆனா துளி மினுக்கு கிடையாது. எல்லாத்தையும் கலந்தா எதுவும் உருப்படாதுடா."

"கலக்காமப் பண்ணினா?"

எட்டு நாள் தன் உதட்டிலேயே பூசிப் பூசிப் பார்த்தாள். உதடு வீங்கியது. கொதித்த மெழுகு தெறித்துக் கை வெந்தது. ஒன்பதாம் நாள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"முதல்ல அரக்குச் சாயம். அது நல்லாக் காஞ்சதும், மேல நிறமில்லாத மெழுகெண்ணெய். கிண்ணத்துல எண்ணெய்தான் ஒட்டும், சிவப்பு ஒட்டாது. ஆனா ரெண்டு சிமிழ் ஆயிடுதே!"

"அதை என்கிட்ட விடுக்கா."

சபையில் ராணி பால் குடித்தாள். கிண்ணத்தில் சிவப்பே இல்லை, உதடோ மின்னியது. ஏகம்பர் சிமிழைப் பிடுங்கித் திறந்தார். நடுவே ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் சாயம், அந்தப் பக்கம் மெழுகெண்ணெய்.

"மோசடி, மன்னா! இவை இரண்டு!"

விடங்கன் வணங்கினான். "ஒரே சிமிழ் என்பதுதான் ஆணை, ஒரே அறை என்பதன்று. இந்த அரண்மனையில் நூறு அறைகள் உள்ளன. மன்னருக்கு நூறு அரண்மனைகள் என்பாரோ ஏகம்பர்?"

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டான்.

"சாயத்தின் பக்குவமும் உன் மூளையில் உதித்ததுதானோ?"

சபை முழுக்க அவனையே பார்த்தது. ஏகம்பரின் முகம் கறுத்திருந்தது. அதைப் பார்க்க விடங்கனுக்கு இனித்தது.

"எல்லாம் தங்கள் கருணை, மன்னா."

"அப்படியானால் அந்தக் கிழவி எதற்கு? இனிமேல் ஏகம்பர் காய்ச்சட்டும், நீ மேற்பார்வை செய்!"

இப்போது ஏகம்பர் சிரித்தார். விடங்கன் வாயைத் திறந்தான். மன்னனிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் தலை தப்பாது. மூடிக்கொண்டான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் காவலர்கள் அடுப்பறைச் சாவியை வாங்கிப் போயிருந்தார்கள். சேந்தி துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கழுத்து மாலையை ஒரு தரம் பார்த்தாள்.

"ராஜா சிரிச்சாரா?"

"சிரிச்சார்க்கா."

வீங்கிய உதட்டால் அவளுக்குப் பேச வலித்தது. மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அரக்கைக் கொதிக்க விடக்கூடாது, கறுத்துடும். ஏகம்பர்கிட்ட மறக்காமச் சொல்லிடு."