தண்ணீர் மாதிரி

ஆலங்குறிச்சிப் பேரூராட்சியில் குழாயைத் திறந்தால் சாக்கடை நாறும். கிழக்குத் தெருவில் பம்ப் ஆபரேட்டர் சடையாண்டியின் மகளோடு சேர்த்துப் பதினோரு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தார்கள். தெருக்காரர்கள் பேரூராட்சிக்குக் கொடுத்த ஏழு மனுவுக்கும் "ஆவன செய்யப்படும்" என்று ஒரே பதில்தான் வந்தது.

தண்ணீரைச் சோதிக்க சுகாதார அதிகாரி வருகிறார் என்றதும் பேரூராட்சித் தலைவர் நாகலிங்கம் சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"டேய், கேன் தண்ணி வாங்கி இந்தப் பாட்டில்ல ஊத்து. 'குழாய்த் தண்ணீர் மாதிரி'ன்னு சீட்டு எழுதி ஒட்டு. மீறினா வேலை காலி."

"சரிங்க தலைவரே" என்று சடையாண்டி அப்படியே செய்தார்.

மறுநாள் தலைவரும் சடையாண்டியும் பக்கத்தில் நிற்க, அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தத் தெருக் குழாய்ல பிடிச்சது?"

"குழாய்ல பிடிக்கலீங்கய்யா. இது கேன் தண்ணி. குழாய்த் தண்ணி மாதிரின்னு தலைவர்தான் எழுதச் சொன்னாரு."

"மாதிரின்னா சாம்பிள்டா, மடையா!" என்று தலைவர் கத்தினார்.

"கேன் தண்ணியை ஊத்தச் சொன்னீங்களா, அதான் வேற மாதிரின்னு நெனச்சுட்டேனுங்க."

அதிகாரி கேட்டார்: "அப்போ குழாய்ல என்னதான் வருது?"

"அது தண்ணி மாதிரியே இருக்காதுங்க."

அதிகாரி கேன் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, காலி பாட்டிலோடு கிழக்குத் தெருவுக்கு நடந்தார். அன்று மாலையே அந்தக் குழாய்கள் மூடப்பட்டு, லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. அது தம்முடைய விடாமுயற்சியால் வந்தது என்று தலைவர் மைக்கில் அறிவித்தார்.