கருகிய விட்டிலும் பச்சைப் பூச்சியும்

களஞ்சியத்தில் விளக்கு அசைவதைக் கண்டு ஓடிப்போய்ப் பார்த்தவன் தோட்டக்காரன் சுடலை. நெல் திருடியவன் அவன்தான் என்றார் ஜமீன் நிர்வாகத்தைப் பார்த்துவந்த காரியக்காரர். ஜமீன்தார் அவனை அடிக்கச் சொல்லி இருட்டறையில் போட்டார்.

சுடலையின் மனைவி இசக்கி ஜமீன்தார் முன் வந்து நின்றாள்.

“சாட்சி யாரும் இல்லை. உன் புருஷன் யோக்கியன்னு நீயே காட்டு. இல்லேன்னா நாளைக்கு அவன் கை இருக்காது” என்றார் ஜமீன்தார்.

“காட்டுறேன், எசமான். அதுக்கு முன்னால, உங்க அவரைக்கொடியை வாட வச்சது இதுல எதுன்னு சொல்லுங்க.”

அவள் நீட்டிய இலையில் சிறகு கருகிய விட்டில் ஒன்றும், பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்றும் இருந்தன.

“விட்டில்தான். எப்பவும் விளக்கைச் சுத்துதே!” ஜமீன்தார் அதை விரலால் நசுக்கினார்.

“அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தது, அவ்வளவுதான். கொடியை உறிஞ்சினது இந்தப் பச்சைப் பூச்சி. இலை நிறத்துல இலையோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும், எசமான். தொட்டாத்தான் நாறும்.”

ஜமீன்தார் தம் பக்கத்தில் நின்ற காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். உடனே ஆள் அனுப்பினார். களஞ்சியத்து மூட்டைகள் காரியக்காரர் வீட்டுப் பரணில் இருந்தன.

“கெட்டிக்காரிதான். உன் புருஷனைக் கூட்டிட்டுப் போ.”

இருட்டறையைத் திறந்தார்கள். இசக்கி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு தொட்டு எழுப்பினாள். சுடலை எழுந்திருக்கவில்லை.

ஜமீன்தார் விரலில் ஒட்டியிருந்த சிறகுத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.