குடோன் சாவி யாருக்கு?

போடியில் சௌந்தரபாண்டியன் ஏஜென்சியைத் தெரியாத பெட்டிக்கடைக்காரர் கிடையாது. பிஸ்கட், சோப்பு, டீத்தூள், குழந்தைச் சத்துமாவு என்று அன்றாடம் விற்றுத் தீர்கிற சாமான் எல்லாம் அவருடைய குடோனிலிருந்துதான் ஊருக்குள்ளும் மலைக்கும் போகும். குடோனின் உள்சுவரில் சிவப்புப் பெயின்டில் ‘பழசு முதலில்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். முன்னால் வந்து இறங்கிய பெட்டி முன்னால் வெளியேற வேண்டும். புதுசை அனுப்பிக்கொண்டே இருந்து பழசை மூலையில் கெட விடக்கூடாது. நல்ல விதிதான், யார் இல்லை என்றது?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜை அன்று குடோன் சாவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தட்டில் கிடத்துவார்கள். வருகிற வருஷத்துக்கு யார் பொறுப்போ, அவர் கையில் முதலாளி அதை எடுத்துக் கொடுப்பார். சில வருஷங்களாக அதை வாங்கி வந்தவள் செண்பகவல்லி. புருஷன் போன பிறகு அந்தச் சாவியை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவளுக்குப் போன வருஷத்துச் சம்பவம் ஒன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. மலைமேல் மஞ்சப்பாறை என்று ஒரு குக்கிராமம். மழை பிடித்தால் ஜீப் பாதை அடைபட்டுவிடும். பொங்கல் கழிந்துதான் வண்டி மறுபடி ஏறும். அதுவரைக்கும் மழைக்கு முன்னால் போன சரக்கை வைத்துத்தான் அந்த ஊர்க் கடை ஓட்ட வேண்டும். டிசம்பரில் மாயக்கா என்ற பெண் வயிற்றால் போய்த் துவண்ட பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே இறங்கினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்ததே பெரிசு. அங்கிருந்து நேராகக் குடோனுக்கு வந்து சத்துமாவு டப்பாவை நீட்டினாள். நவம்பரோடு தேதி முடிந்த டப்பா.

“கடையில இதுதாம்மா இருந்துச்சு. வேற எதைக் கொடுப்பேன்?” என்றாள்.

முதலாளி டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம குடோனிலிருந்து விதிப்படிதான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சொன்னால் நம்புவீர்களா, அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இந்த வருஷமும் அதே கதைதான். அக்டோபரில் குடோனில் இரண்டு வகைச் சத்துமாவு இருந்தது: நவம்பரில் தேதி முடிகிற பழைய பெட்டிகள், அடுத்த கோடை வரை தாங்குகிற புதுப் பெட்டிகள். காலையில் மஞ்சப்பாறை ஆர்டர் வந்தது. மத்தியானம் பஸ் ஸ்டாண்டு கடை ஆர்டர் வந்தது. முதல் ஆர்டர் மலையுடையது என்பதால் மேனேஜர் நவநீதன் பழைய பெட்டிகளை மலைக்கென்று பில் போட்டான்.

செண்பகவல்லி அவனிடம் போய், மலைக்குப் புதுசை ஏற்றுவோம், பழசு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போகட்டும், சந்தை நாளாயிற்றே, பொழுது சாய்வதற்குள் விற்றுவிடும் என்று எடுத்துச் சொன்னாள். ஒரு டப்பாவைப் பிள்ளை இரண்டு வாரத்தில் காலி செய்துவிடும் என்றும் சொன்னாள். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கம்மா” என்றான்.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, லோடுமேன்களைக் கூப்பிட்டுப் புதுப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். ஜீப் மலையேறிய பிறகு பழசு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. மறுநாள் விடிந்ததும், எல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பழசு உள்ளே இருக்கப் புதுசு வெளியே போய்விட்டது என்ற கோள்தான் முதலாளி காதுக்குப் போனது.

ஆயுதபூஜை அன்று சௌந்தரபாண்டியன் எல்லாரையும் நிற்க வைத்து, சுவரில் எழுதியதை யார் காத்தாரோ அவருக்கே இந்த வருஷம் சாவி என்றார். நவநீதன் முன்னால் வந்தான். தான் போட்ட பில்லில் இம்மியும் பிசகில்லை, பிசகியது அந்த அம்மாதான் என்றான். விற்பனை பார்க்கிற ரத்தினவேல், இந்த வம்பே வேண்டாம், தேதி நெருங்கிய பெட்டிகளை அன்றைக்கே குழி தோண்டிக் கொட்டியிருந்தால் குடோனில் பழசு என்ற பேச்சே இருக்காது, அப்படிச் சொன்ன தனக்குத்தான் சாவி என்றான். பிள்ளைகள் தின்கிற பண்டத்தை, அதுவும் கெடாததை, மண்ணில் கொட்டச் சொல்கிற வாய்க்கு என்ன சொல்ல!

கடைசியாகச் செண்பகவல்லி பேசினாள்.

“அந்த விதிய நாந்தான் காப்பாத்துனேன் முதலாளி.”

சிரித்தார்கள். விதியை மீறியவளே காத்தேன் என்கிறாளே என்று கையைத் தட்டிச் சிரித்தார்கள். சாவி தட்டில் கிடந்தது. முதலாளியின் கை அதன்மேல் நின்றது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பில் போட்டவன், கொட்டச் சொன்னவன், மாற்றி ஏற்றியவள்: இந்த மூவரில் ‘பழசு முதலில்’ என்ற விதியைக் காத்தவர் யார்? சாவி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: செண்பகவல்லி கைக்கு. நவநீதன் சொன்னபடி நடந்திருந்தால் பழசு குடோன் வாசலை முதலில் தாண்டியிருக்கும். ஆனால் பிள்ளை வாய்க்குப் போவது கடைசியில், அதுவும் கெட்ட பிறகு. ரத்தினவேல் சொன்னபடி நடந்திருந்தால் அது யார் வாய்க்கும் போயிருக்காது. அவள் செய்ததில்தான் பழசு முதலில் தின்று தீர்ந்தது. விதி எழுதியது பெட்டிக்காக அல்ல, தின்கிறவருக்காக. இது சௌந்தரபாண்டியனுக்கு விளங்கவில்லை. சாவியை நவநீதனிடம் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பொங்கல் கழிந்து பாதை திறந்ததும் முதல் ஜீப்பில் மாயக்கா இறங்கி வந்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. இந்த வருஷம் அனுப்பிய மாவு நல்லா இருந்துச்சு, அதைக் கொடுத்தனுப்பிய அம்மாவைப் பார்த்துட்டுப் போகணும், எங்கே அவங்க என்று கேட்டாள்.