ஏழு மேட்டில் ஒரு மேடு

முதலில் பன்றிகள் ஆற்றங்கரைக் கோரையைத் தோண்டித் தின்றன. அடுத்து, ஓடையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டன. மூன்றாவதாக, யாரையும் கேட்காமல் புது விதை ஒன்றைக் கொண்டுவந்து, காட்டின் ஏழு மேடுகளில் மழைக்காலத்துக்கு ஒரு மேடாகத் தூவத் தொடங்கின. அதன் கதிர் பருமன்தான். ஆனால் அது முளைத்த மேட்டில் பழைய செந்தினை மறு ஆண்டே குணம் மாறிப்போனது.

மூன்றையும் எதிர்த்துக் கத்தியது கிழட்டுக் கௌதாரி ஒன்றுதான். ஏழு மேடும் செந்தினையாய்ச் சிவந்து கிடந்ததைக் கண்ட பறவை அது. ஈரக் கதிரின் அந்த வாசனைக்கு இன்னும் ஏங்கியது.

ஐந்து மேடு போன பிறகுதான் காட்டுக்குத் தலைமையான யானை மன்றத்தைக் கூட்டியது. காடு முழுக்கத் தடை போட முடியாது என்றது. வேண்டாம் என்று நினைக்கும் மேட்டார் மழைக்கு முன் இரண்டு சாட்சியோடு வந்து சொன்னால், அங்கே மட்டும் புது விதை விழாது என்றது.

கௌதாரிக்கு அது பிச்சையாகப் பட்டது. "ஏழும் வேணும். இல்லேன்னா ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது. அதை நம்பி மூங்கில் மேட்டுக் காடைகளும் பேசாமல் இருந்துவிட்டன. அந்த மழைக்கே மூங்கில் மேட்டில் புது விதை விழுந்தது.

மறு ஆண்டு கௌதாரி அங்கே போய் ஒரு செந்தினைக் கதிரைக் கொத்தியது. நிறம் அதேதான். வாசனை இல்லை. அலகில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வெகுநேரம் நின்றது.

மிச்சமிருந்தது அது குடியிருந்த கூழாங்கல் மேடு மட்டும்தான். பக்கத்துப் புதர் முயல் கேட்டது: "அண்ணே, ஏழுல ஆறு போச்சு. இந்த ஒண்ணையும் உங்க வீம்புக்குக் குடுத்துடப் போறீங்களா?"

கௌதாரி முயலை ஒரு சாட்சியாக அழைத்துக்கொண்டது. இன்னொரு சாட்சிக்கு மூங்கில் மேட்டுக் காடையிடம் போய்த் தலைகுனிந்து நின்றது. காடை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் கூட வந்தது.

மன்றத்தில் பன்றி சிரித்தது. "என்ன மாமா, ஏழு கேட்ட வாய் இப்ப ஒண்ணு கேக்குதா?"

"ஏழையும் சாகுற வரைக்கும் கேப்பேன். இன்னைக்கு இதைக் கேக்குறேன்" என்றது கௌதாரி.

யானை ஓலையில் எழுதியது. முயலும் காடையும் கேட்க, உரக்கப் படித்தது: "புது விதை வேண்டாம் என்ற மேடு, கூழாங்கல் மேடு."

உலகம் முழுவதற்கும் போராடுகிறவர்கள், தங்கள் மண்ணில் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை கிடைக்கும்போது அதைச் சிறிதென்று உதறக் கூடாது.